பெங்களூரு ஓரத்துச் சின்ன உயர்நிலைப் பள்ளியில் மாணவர் மன்றம் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எலக்ட்ரானிக் சிட்டியிலும் பொம்மசந்திராவிலும் வேலை பார்க்கிற நம் தமிழர்கள் பலருக்கு என்றாவது ஒருநாள் இந்த எண்ணம் வந்துவிடும். சனிக்கிழமை வீட்டில் சும்மாதானே கிடக்கிறோம், கொஞ்ச நேரம் வண்டி ஓட்டினால் ஆனேக்கல் பக்கம் கிராமம் வந்துவிடுகிறது, அங்கே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கிளப்போ வாசிப்பு கிளப்போ தொடங்கினால் என்ன? தாராளமாகத் தொடங்கலாம். ஜூனில் தொடங்கியது அடுத்த ஜூனிலும் நடந்துகொண்டிருப்பதுதான் கஷ்டம், இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

நான் மனதில் வைத்திருப்பது நிஜமாகவே சின்னப் பள்ளி. கர்நாடகத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி என்றால் பெரும்பாலும் 8, 9, 10 என மூன்றே வகுப்புகள்தான். மொத்தப் பிள்ளைகள் நூறைத் தாண்டாத பள்ளிகள் ஆனேக்கல், ஒசகோட்டை பக்கமெல்லாம் உண்டு. தலைமை ஆசிரியர், மூன்று மொழிக்கு மூன்று பேர், சமூக அறிவியலுக்கு ஒருவர், அவர்கள் பாஷையில் பி.சி.எம். (இயற்பியல், வேதியியல், கணிதம்) ஒருவர், சி.பி.இசட். (வேதியியல், தாவரவியல், விலங்கியல்) ஒருவர், பி.டி. சார் ஒருவர். இதில் ஒன்றிரண்டு இடம் எப்போதும் காலி. இந்த ஏழெட்டுப் பேர்தான் தேர்தல் வேலைக்கும் போக வேண்டும், கணக்கெடுப்புக்கும் போக வேண்டும், மதிய உணவுக் கணக்கும் பார்க்க வேண்டும். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்படிப்பட்ட பள்ளிக்கு இரண்டு மன்றம் போதும், மூன்றாவது வேண்டாம். பள்ளிக்கு வருகிற எல்லாச் சுற்றறிக்கைகளையும் அந்த இரண்டுக்குள் அடக்கிவிடலாம், எப்படி என்று கீழே வருகிறேன்.

முதலில் பள்ளியின் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சனிக்கிழமை அரை நாள்தான், அதுவும் காலை வகுப்பு. எட்டு மணி வாக்கில் மணி அடித்து, பதினொன்றரை சுமாருக்குப் பள்ளி முடிந்துவிடும். ஐ.டி. ஆட்கள் சாவகாசமாக எழுந்து, மசாலா தோசை சாப்பிட்டு, பத்தே முக்காலுக்குப் போய் இறங்கும்போது பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். முதலில் ஒரு வார நாளில் போன் செய்து சரியான நேரத்தைக் கேளுங்கள், பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாறும். மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை பை இல்லாத நாள், கன்னடத்தில் 'சம்பிரம சனிவாரா' என்பார்கள். அன்று செயல்பாடுகள் செய்யச் சொல்லி அரசே சொல்கிறது, ஆனால் என்ன செய்வதென்று ஆசிரியர்கள் யோசித்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது.

பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். நகரத்துப் பள்ளியில் அது நடக்கும். இங்கே ஒரு பஸ் போனால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே தெரியாது. பன்னரகட்டா தேசியப் பூங்காவை ஒட்டின கிராமங்களில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது: யானை. ராகி முற்றி அறுவடைக்கு நிற்கிற நவம்பர், டிசம்பர் மாதங்களில் பொழுது சாய்ந்தால் காட்டோரப் பாதையில் பெரியவர்களே நடக்க யோசிப்பார்கள். எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளையை ஐந்தரை மணி வரை நிறுத்தி வைத்தால் மறுவாரம் அவள் அம்மா அனுப்ப மாட்டார், அனுப்பாததுதான் சரியும்கூட. மன்றம் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். கால அட்டவணையில் ஒரு பீரியட் கேளுங்கள், கிடைக்கும் வரை வேறு எதுவும் கேட்காதீர்கள்.

ஆண்டுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. ஜூன் தொடக்கத்தில் எட்டாம் வகுப்புக்கு நாலைந்து ஊர்த் தொடக்கப் பள்ளிகளிலிருந்து புதுப் பிள்ளைகள் வந்து சேர்வார்கள், ஒருவரையொருவர் தெரியாது. அக்டோபரில் தசரா விடுமுறை. டிசம்பருக்குப் பிறகு பத்தாம் வகுப்பு உங்களுக்குக் கிடையாது, எஸ்.எஸ்.எல்.சி. வந்துவிட்டது என்று தலைமை ஆசிரியர் கும்பிடு போட்டுவிடுவார். ஏப்ரல், மே மூடியிருக்கும். ஆக, முழு வேகத்தில் வேலை செய்யக் கிடைப்பது ஜூலை முதல் செப்டம்பர் வரையும், நவம்பர், டிசம்பரும்தான். பெரிய வேலைகளை இந்தக் காலத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி

தலைமை ஆசிரியரைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கன்னடத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். தளி, ஓசூர் எல்லையை ஒட்டிய ஊர்களில் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தமிழோ தெலுங்கோ பேசலாம், 'அண்ணா, எந்த ஊரு நீங்க?' என்று ஓடி வந்தும் கேட்பார்கள். ஆனால் பள்ளியின் மொழி கன்னடம், கடிதம் கன்னடம், பதிவேடு கன்னடம். தப்பும் தவறுமாகப் பேசினாலும் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். பேசவே மறுத்தால் கதவு மூடிக்கொள்ளும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், எங்கே வேலை, எந்த நாளில் எத்தனை மணி நேரம், என்ன செய்வீர்கள், பள்ளியிடமிருந்து எதுவும் பணம் வேண்டாம், வகுப்பறையில் ஒரு ஆசிரியர் கூட இருக்க வேண்டும். இதை எழுதி, அடையாள அட்டை நகலோடு தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்பார். அலைக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம், நாளைக்கு ஏதாவது என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அப்படியே எஸ்.டி.எம்.சி. தலைவரையும் பார்த்துவிடுங்கள். பெற்றோரும் ஊர்க்காரர்களும் இருக்கிற பள்ளி வளர்ச்சிக் குழு அது, அவர் ஒரு கடைக்காரராகவோ பூ வியாபாரியாகவோ இருப்பார், அவரிடம் குடிக்கிற ஒரு டீ பத்துக் கடிதத்தின் வேலையைச் செய்யும்.

கடைசியில் தேட வேண்டியது ஒரே ஒரு ஆசிரியர். எல்லா ஆசிரியரும் ஆர்வமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, அவசியமும் இல்லை. ஒருவர் இருந்தால் மன்றம் நிற்கும். அவர் அறிவியல் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பல பள்ளிகளில் பி.டி. சாரோ இந்தி மேடமோதான் பிள்ளைகளோடு அதிகம் ஒட்டியிருப்பார்கள்.

பத்து மன்றத்தை இரண்டாக்குவது

பள்ளி அலுவலக அறையின் சுவரைப் பாருங்கள். சூழல் மன்றம், அறிவியல் மன்றம், கணித மன்றம், இலக்கிய மன்றம், நுகர்வோர் மன்றம், வாக்காளர் எழுத்தறிவு மன்றம், குழந்தை உரிமை மன்றம், சுகாதார மன்றம் என்று ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலாளர் பெயர், எல்லாம் ஒரே மூன்று பிள்ளைகளின் பெயராக இருக்கும். இவை வானத்திலிருந்து விழுந்தவை இல்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு துறை, ஒரு திட்டம் இருக்கிறது. பள்ளிகளில் சூழல் மன்றங்களை அமைக்கும் தேசியப் பசுமைப் படைத் திட்டத்தை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001இல் தொடங்கியது. வாக்காளர் எழுத்தறிவு மன்றம் தேர்தல் ஆணையம் 2018இல் தொடங்கியது, பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து. அறிக்கை கேட்டால் பள்ளி கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் 'இதெல்லாம் பேப்பர் கிளப், தூக்கிப் போடுங்கள்' என்று வெளியாள் வந்து வீரவசனம் பேசக் கூடாது.

வேறு வழி இருக்கிறது. ஒன்று, வெளியே போய்ப் பார்க்கிற, அளக்கிற மன்றம். இன்னொன்று, படிக்கிற, எழுதுகிற, பேசுகிற மன்றம். பெயர் பிள்ளைகள் வைக்கட்டும். சூழல், அறிவியல், கணிதம், சுகாதாரம் எல்லாம் முதலாவதில். இலக்கியம், உரிமை, வாக்காளர், நுகர்வோர் எல்லாம் இரண்டாவதில். எடுத்துக்காட்டாக, மன்றச் செயலாளரைக் கைதூக்கித் தேர்ந்தெடுக்காமல், வேட்புமனு, சின்னம், வாக்குச்சீட்டு, விரலில் மை, வாக்கு எண்ணிக்கை என்று முழுத் தேர்தலாக நடத்தினால் வாக்காளர் மன்றத்தின் ஆண்டு வேலை பாதி முடிந்தது. ஊர்க் கடையில் பிஸ்கட் பாக்கெட்டின் எடையையும் அதிகபட்ச விலையையும் தேதியையும் குறித்து வந்து ஒரு பட்டியல் போட்டால் அது நுகர்வோர் மன்றம், டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினத்தன்று அதைச் சுவரில் ஒட்டினால் அறிக்கையும் ஆயிற்று.

பதிவேடு ஒன்றே ஒன்று, 200 பக்க நோட்டு. தேதி, வந்தவர்கள், செய்தது, அடுத்த வாரம் யார் என்ன கொண்டு வர வேண்டும். எழுதுவது பிள்ளைகள், பிழை இருந்தாலும் விடுங்கள். ஒவ்வொரு பக்க ஓரத்திலும் இன்றைய வேலை எந்தெந்தச் சுற்றறிக்கை மன்றத்துக்குக் கணக்கு என்று ஆசிரியர் ஒரு வார்த்தை எழுதி வைத்தால், சுற்று வட்டாரப் பள்ளிகளைப் பார்வையிடுகிற சி.ஆர்.பி. வந்து கேட்கிற அன்று அவருக்குப் பதற்றம் இருக்காது. ஆசிரியர் உங்களை விரும்ப ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான், நீங்கள் கொண்டு வந்து காட்டுகிற ரோபோவைப் பார்த்து இல்லை.

யார் பொறுப்பு

செயலாளர் ஒன்பதாம் வகுப்பு, துணைச் செயலாளர் எட்டாம் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதவி கொடுக்காதீர்கள், புத்திசாலியாக இருந்தாலும் சரி, டிசம்பரில் மன்றம் தலையில்லாமல் நிற்கும். பத்தாம் வகுப்பு ஆலோசகராக வந்து உட்காரட்டும், கௌரவமும் ஆச்சு.

முதல் மார்க் வாங்குகிற பிள்ளையையே ஆசிரியர்கள் முன்னால் தள்ளுவார்கள். தேர்தல் வைத்தால் இது ஓரளவு சரியாகும். அப்புறம் வேலைகளை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்: பதிவேடு, பெட்டிச் சாவி, மழை அளவு, சுவர்ப் பத்திரிகை ஒட்டுவது. பெண் பிள்ளைகளுக்கு எப்போதும் கோலமும் வரவேற்புரையும், பையன்களுக்கு எப்போதும் ஏணியும் மைக்கும் என்று தானாகவே பிரிந்துவிடும், கவனிக்காவிட்டால் ஆண்டு முழுக்க அப்படியே போகும்.

வெளியே போகிற மன்றம்: என்ன செய்யலாம்

நான் அதிகம் நம்புவது நீண்ட நாள் பார்க்கிற வேலைகளைத்தான். எரிமலை மாடல் ஒரு நாள் கூத்து, வினிகரும் சோடா உப்பும் நுரைத்து அடங்கினால் முடிந்தது.

மழைமானியில் தொடங்குங்கள். ஜூன், ஜூலையில் வந்தால் அதுதான் கைக்கு எட்டியது. அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமான தகர டப்பா அல்லது பிளாஸ்டிக் ஜாடி, திறந்த வெளியில், மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, நாயும் பந்தும் தட்டிவிடாத மாதிரி செங்கல் அண்டக் கொடுத்து வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு உள்ளே ஸ்கேல் விட்டு மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். எட்டரை ஏன் என்றால் இந்திய வானிலைத் துறை அளப்பதும் அந்த நேரத்தில்தான். ஞாயிறு, விடுமுறை நாட்களுக்குப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் பொறுப்பு. கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் கிராமப் பஞ்சாயத்து அளவில் தானியங்கி மழைமானிகள் வைத்திருக்கிறது, அந்தக் கணக்கோடு நம் டப்பாக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள் பாருங்கள், அறிவியல் வகுப்பு அங்கேதான் தொடங்குகிறது. செப்டம்பர், அக்டோபரில்தான் பெங்களூரு வட்டாரத்தில் மழை வெளுத்து வாங்கும், வரைபடத்தில் அந்த மாதங்கள் எழும்பி நிற்பதைக் கணித ஆசிரியர் காட்டட்டும்.

அடுத்தது நிழலில்லா நாள். சூரியன் நேர் உச்சியில் வந்து, நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இல்லாமல் போகிற நாள் நம் பக்கம் ஆண்டுக்கு இரண்டு முறை வரும். ஏப்ரல் 24 சுமாருக்கு ஒன்று, அப்போது பள்ளி விடுமுறை. ஆகஸ்ட் 18, 19இல் இன்னொன்று, அப்போது பள்ளி உண்டு. பெங்களூரு, ஆனேக்கல் வட்டாரத்தில் பகல் 12.20க்கும் 12.30க்கும் இடையில் பார்க்க வேண்டும். சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்று ஏமாந்து வருகிறவர்கள் உண்டு. இந்திய நேரம் கணக்கிடப்படுவது நமக்குக் கிழக்கே உள்ள 82.5 பாகைத் தீர்க்கரேகையில், அதனால் நம் உச்சிப் பொழுது இருபது நிமிடத்துக்கு மேல் பிந்தி வருகிறது. ஆகஸ்டில் மேகம் இருக்கும், அதனால் 14ஆம் தேதியிலிருந்தே ஒரு வாரம் தினமும் குச்சி நிழலின் நீளத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள், அந்த நாளில் மேகம் மூடினாலும் போக்கு தெரிந்துவிடும்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. உங்களுக்கு மதுரைப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ சொந்த ஊர் இருக்கும், அங்கே படித்த பள்ளி இருக்கும். அதே நாள் அங்கேயும் ஒரு மீட்டர் குச்சி நட்டு உச்சிப் பொழுதில் நிழலை அளக்கச் சொல்லுங்கள். மதுரையில் சுமார் ஐந்து சென்டிமீட்டர் நிழல் தெற்குப் பக்கம் விழும், கிட்டத்தட்ட 2.8 பாகை. ஆனேக்கலுக்கும் மதுரைக்கும் வடக்கு தெற்காக ஏறக்குறைய 310 கிலோமீட்டர். 360ஐ 2.8ஆல் வகுத்து 310ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் பக்கத்தில் வந்து நிற்கும். எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு செய்ததும் இதேதான். இரண்டு குச்சி, ஒரு செல்போன், செலவு பூஜ்யம்.

மரம். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தால் நூறு கன்று நட்டுப் படம் எடுப்பார்கள், செப்டம்பருக்குள் பாதி ஆட்டுக்குப் போகும், மீதி அடுத்த ஏப்ரலில் தண்ணீர் இல்லாமல் போகும். பத்து கன்று போதும், ஒவ்வொன்றுக்கும் முள்வேலி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிள்ளைகள், கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஊருக்குள்ளேயே வீடு இருக்கிற பிள்ளைகளாகப் பார்த்து. மதிய உணவுச் சமையலுக்கு ஆகிற முருங்கை, கறிவேப்பிலை, அவரை போட்டால் சமையல் அம்மாக்களே காவல் காப்பார்கள், காய்கறித் தோலை மட்கு குழியில் போட அவர்களிடம் சொல்வதும் சுலபமாகிவிடும்.

நடுவதைவிட எனக்குப் பிடித்தது, இருக்கிற மரத்தைப் பார்ப்பது. சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஒரு மரத்தைத் தத்தெடுத்து, வாரம் ஒருமுறை இலை, பூ, காய் கொஞ்சமா நிறையவா என்று குறித்து அனுப்ப வேண்டும், நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் செய்கிறார்கள். புங்கை, வேம்பு, புளி, மா, பலா எல்லாம் பட்டியலில் உண்டு, பள்ளி வாசலில் புங்கையாவது இல்லாமல் இருக்காது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கிற நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்புக்கும் இதே பிள்ளைகள் தயாராக இருப்பார்கள். பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று எண்ணினால் போதும். மைனா, செண்பகம், உண்ணிக்கொக்கு, செம்பருந்து என்று இருபது பறவையை அவர்கள் அடையாளம் காட்டுவார்கள், நீங்கள் வாய் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஏரிக்கரைக்கு அழைத்துப் போனால் தண்ணீரில் யாரும் கால் வைக்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் ஹிட்லராக இருங்கள்.

படிக்கிற, எழுதுகிற மன்றம்

புத்தகம் எங்கே? முதலில் பள்ளி பீரோவுக்குள், பூட்டி. 'தொலைந்தால் யார் பொறுப்பு' என்ற பயத்தில் பூட்டியது. தொலையத்தான் செய்யும், வருடத்துக்கு ஐந்தாறு புத்தகம் நான் வாங்கித் தருகிறேன் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லிச் சாவியை வாங்கிவிடுங்கள். அடுத்தது கிராமப் பஞ்சாயத்து நூலகம், இப்போது 'அறிவு கேந்திரம்' என்று பெயர், 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு உறுப்பினர் கட்டணம் கிடையாது. மன்றப் பீரியட்டில் எல்லாரையும் நடத்திக் கூட்டிப்போய் அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டால் அது உங்கள் மிகப் பெரிய சாதனையாக இருக்கும். போனிலோ பள்ளிக் கணினியிலோ படிக்க, பெங்களூரிலேயே இருக்கிற பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்தில் கன்னடம், தமிழ், தெலுங்கு எல்லாவற்றிலும் கதைகள் இலவசம், அச்செடுத்துக்கொள்ளவும் தடையில்லை.

சத்தமாகப் படிப்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். எட்டாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தால் மறுவாரம் வர மாட்டார்கள். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு கதையைப் படிக்கட்டும். யார் யாருக்கு உதவுகிறார்கள் என்பது வெளியே தெரியாது.

எழுதுவதற்குச் சுவர்ப் பத்திரிகை. மாதம் ஒரு இதழ், இரண்டு சார்ட் அட்டை, மதிய உணவுக்கு வரிசையில் நிற்கிற இடத்தில் ஒட்டுங்கள், அங்கேதான் எல்லாரும் சும்மா நிற்பார்கள். பொன்மொழி, தலைவர்கள் வரலாறு, நெட்டில் பார்த்து எழுதிய கட்டுரை எதற்கும் இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அத்திப்பள்ளிப் பூ மார்க்கெட்டில் இந்த வாரம் ரோஜா என்ன விலை போயிற்று, ஊரில் எந்த போர்வெல் வற்றியது, நேற்று ராகிக் காட்டுக்கு யானை வந்தபோது தாத்தா என்ன செய்தார், ஜிகணி பேக்டரியில் அக்காவுக்கு ஷிப்ட் எத்தனை மணிக்கு. இதெல்லாம் அவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. கேட்டு எழுதப் பழகிவிட்டால் கன்னடப் பாடத்தில் கட்டுரைக் கேள்வி தானாக வந்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் பொறுப்பாசிரியர் ஒருமுறை பார்க்கட்டும். கழிப்பறையில் தண்ணீர் இல்லை, காலை பஸ் வருவதில்லை என்று பிள்ளைகள் எழுதினால் பள்ளி கொஞ்சம் நெளியும். அந்தக் கட்டுரையைக் கிழிக்க வேண்டாம், திசை மாற்றிவிடலாம். கர்நாடகத்தில் ஆண்டுதோறும் கிராமப் பஞ்சாயத்துகள் 'மக்களா கிராம சபை' நடத்துகின்றன, குழந்தைகளுக்கான கிராம சபை அது. பிள்ளைகள் நேரடியாகக் குறை சொல்லலாம், பதில் சொல்லப் பஞ்சாயத்து அதிகாரி உட்கார்ந்திருப்பார். சுவர்ப் பத்திரிகையில் வந்த விஷயத்தை, எத்தனை நாள் பஸ் வரவில்லை என்ற தேதிக் கணக்கோடு ஒரு மனுவாக எழுதி எடுத்துப் போகட்டும். வெறுமனே 'பஸ் வேண்டும்' என்று கத்துவதைவிட அந்தத் தாளுக்கு மரியாதை அதிகம்.

பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்களே, ஒரு தமிழ் வகுப்பும் சேர்த்து வைத்துவிடலாமே என்று உங்களுக்குக் கை அரிக்கும். பள்ளி நேரத்தில் வேண்டாம். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் கோயில் மண்டபத்தில் தனியாக நடத்துங்கள். மன்றத்தில் எல்லா மொழிக்கும் சமமாக இடம் கொடுக்கிற வேலைகளை வையுங்கள். விடுகதை அதற்கு நல்ல தொடக்கம்: 'அடி காட்டிலே, நடு மாட்டிலே, நுனி வீட்டிலே' என்று நம் பாட்டிகள் நெல்லுக்குச் சொன்னது இங்கே ராகிக்கும் அப்படியே பொருந்துகிறது. வீட்டில் பாட்டி எந்த மொழியில் சொன்னாலும் கேட்டு வந்து கன்னடத்தில் எழுதி ஒட்டலாம். வாரம் ஒரு குறள், கன்னடக் கவி சர்வக்ஞரின் ஒரு திரிபதி (மூன்றடிப் பாடல்) என்று மாற்றி மாற்றிச் சொல்ல வைக்கலாம். 2009 ஆகஸ்டில் பெங்களூரு அல்சூரில் வள்ளுவர் சிலையும் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் சில நாள் இடைவெளியில் திறக்கப்பட்ட கதையைச் சொன்னால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

போட்டிகளும் பயணங்களும்

பிரதிபா காரஞ்சி, அறிவியல் கண்காட்சி, வினாடி வினா என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். பிரதிபா காரஞ்சி என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கர்நாடக அரசு நடத்துகிற கலைத் திறன் போட்டி, பள்ளி அளவில் தொடங்கி கிளஸ்டர், தாலூகா, மாவட்டம், மாநிலம் என்று ஏறும். போகட்டும், ஆனால் மன்றப் பீரியட்டை ஒத்திகைக்குக் கொடுக்காதீர்கள். நாலு பிள்ளை ஆட, அறுபது பிள்ளை வேடிக்கை பார்க்கும். என் பார்வையில் உபயோகமானவை இரண்டு. ஒன்று இன்ஸ்பையர் மானக் விருது: பள்ளி ஒன்றுக்கு ஐந்து பிள்ளைகளின் யோசனை வரை இணையத்தில் பதிவு செய்யலாம், தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். பல சின்னப் பள்ளிகள் இதில் பதிவே செய்வதில்லை, கணினி முன் உட்கார நேரமில்லை என்பதுதான் காரணம். அந்த வேலையை நீங்கள் செய்து கொடுங்கள், யோசனையை மட்டும் நீங்கள் கொடுக்காதீர்கள். இரண்டாவது, 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. உள்ளூர்ப் பிரச்சினையை ஆராய்ந்து எழுதச் சொல்வார்கள், ஆண்டு முழுக்க மழை அளந்த பிள்ளைகளிடம் கட்டுரைக்கு வேண்டியது கையிலேயே இருக்கும்.

ஆண்டுக்கு ஒரு பயணம் பெங்களூருக்குள். 1989 முதல் இயங்குகிற நேரு கோளரங்கம், கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம், இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கோளரங்கத்தில் கன்னடக் காட்சி தனி, ஆங்கிலக் காட்சி தனி, நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் சாதாரண அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆதார் கையில் இருக்கட்டும், பாதிச் செலவு அங்கேயே மிச்சம். பெற்றோர் கையெழுத்து, மேலிட அனுமதி, கூட ஒரு ஆசிரியை, இவை இல்லாமல் பஸ் ஏறக் கூடாது.

பாதுகாப்பு

சுருக்கமாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல். எந்தத் தன்னார்வலரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளைகளோடு தனிப்பட்ட வாட்ஸ்அப் வேண்டாம், செய்தி ஆசிரியர் வழியாகப் போகட்டும். முகம் தெரிகிற படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள், ஆபீஸ் சி.எஸ்.ஆர். குழு கேட்டாலும் சரி. ஒரு பிள்ளை தனக்கு நடந்த ஏதாவது தொல்லையைச் சொன்னால், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். பாலியல் குற்றமென்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் பெரிதாக இருக்கட்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண் திடீரென்று வாரக்கணக்கில் வரவில்லை என்றால் கல்யாணப் பேச்சாகவும் இருக்கலாம், பொறுப்பாசிரியரிடம் அன்றே கேளுங்கள்.

பணமும் பெட்டியும்

இவ்வளவுக்கும் பெரிய பணம் ஆகாது. சார்ட், ஸ்கெட்ச், நோட்டு, டப்பா, பசை, இதற்கு மாதம் சில நூறு ரூபாய். நண்பர்கள் சேர்ந்து டெலஸ்கோப் வாங்கித் தருகிறோம் என்பார்கள், மறுத்துவிடுங்கள். அது அடுத்த நாளே பீரோவுக்குள் போய், தலைமை ஆசிரியர் ஓய்வு பெறும்வரை வெளியே வராது. அந்தக் காசில் ஒரு நல்ல தகரப் பெட்டி வாங்குங்கள். மன்றத்தின் சாமான், பதிவேடு, பழைய சுவர்ப் பத்திரிகைகள் எல்லாம் அதற்குள். சாவி இரண்டு, ஒன்று பொறுப்பாசிரியரிடம், ஒன்று செயலாளரிடம்.

பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்புச் செயலாளர் எட்டாம் வகுப்புத் துணைச் செயலாளரிடம் பெட்டியைத் திறந்து காட்டி ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்கட்டும், பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போடட்டும். நீங்களும் அடுத்து வருகிற தன்னார்வலரை அந்த மாதத்திலேயே கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவிடுங்கள், ஆபீசில் ஆன்சைட் கிடைத்த பிறகு அவசரமாகத் தேடாதீர்கள். ஆசிரியர்களுக்கு மாறுதல் கவுன்சலிங் வரும், உங்களோடு நின்ற அந்த ஒருவரும் ஒருநாள் வேறு பள்ளிக்குப் போவார். அதற்குள் பெட்டியையும் அதிலுள்ள சாமான்களையும் பள்ளியின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். ரிஜிஸ்டரில் ஏறிவிட்டால் புதிதாக வருகிறவர் சார்ஜ் எடுக்கும்போது பெட்டியைத் திறந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், இது என்ன, யார் நடத்துகிறார்கள் என்று கேட்க வேண்டியும் இருக்கும்.